மூன்றில் நின்ற முள்

வேலையை விட்டுப் போக நினைப்பவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் ராஜ மரியாதை. போக நினைக்காதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதை ஏற்படுத்தவில்லை. ஓர் இயந்திரம் வாங்கினோம், அது வந்த பிறகு தானாக இப்படி ஆகிவிட்டது.

நான் சிந்துஜா. கோவை பீளமேட்டில், லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் கிளையில் மனிதவள அதிகாரி. ஊரில் நானூறு லிஃப்டுகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் அலுவலகம் இருக்கும் மூன்றாவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் இல்லை. பதினைந்து வருடமாகப் படியேறிக்கொண்டிருக்கிறேன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இயந்திரத்துக்கு விலகுமானி என்று பெயர். எல்லோர் கழுத்திலும் தொங்கும் அடையாள அட்டைக்குள் துவரம்பருப்பு அளவில் ஒன்றைப் பதித்துக் கொடுத்தார்கள். அது ஆளின் குரலையும் நாடித்துடிப்பையும் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த வேலையை விட்டுப் போகும் ஆசை அவருக்கு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு கணக்குச் சொல்லும். என் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஒரு முள். இரண்டே நாளில் எல்லோரும் அதை முள் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

பொருத்த வந்த பெண் நல்ல பெண். அவளிடம் சந்தேகம் கேட்டேன். “இது மனசைப் படிச்சுருமா?”

“மனசையெல்லாம் படிக்காது மேடம். ஆசையை மட்டும்தான் படிக்கும்.”

“ரெண்டும் வேற வேறயா?”

“அது எங்க மேனுவல்ல இல்லை மேடம்,” என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தலைமை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. முள் அறுபதைத் தாண்டினால் ஏழு நாளைக்குள் அந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று கேட்டு, முடிந்ததைச் செய்துகொடுக்க வேண்டும். முள் இருபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ‘வேரூன்றியவர்கள்’ என்று அழகான பெயர் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் செய்யத் தேவையில்லை.

முதல் மாதமே, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த ஒருவருக்கு முள் எழுபதைத் தொட, ஜன்னலோர இருக்கை கிடைத்தது. இன்னொரு பெண்ணுக்குச் சனிக்கிழமை விடுமுறை கிடைத்தது. விஷயம் பரவிவிட்டது. நடிப்பை அந்த இயந்திரம் கண்டுபிடித்துவிடும் என்பதால் எல்லோரும் உண்மையாகவே வெறுக்கப் பழகினார்கள். காலையில் வரும்போதே கனடாவில் இருக்கும் சகலையை நினைத்துக்கொண்டு வந்தார்கள். பதினான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து பொறுப்போடும் ஒழுங்கோடும் வேலையை வெறுக்கும் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு அது நிஜமாகவே ஒட்டிக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் சிரிப்புச் சத்தம் குறைந்துபோனது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆடி மாதம் பிறந்ததும் அத்தனை முட்களும் பத்துக்குக் கீழே விழுந்தன. எங்கள் கிளை மேலாளர் சம்பத் சார், தன் நிர்வாகம் ஜெயித்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேரின் விடுப்பை ரத்து செய்தார். இயந்திரக்காரர்கள் ஒரு வாரம் பழுது தேடினார்கள். ஆடியில் இந்த ஊரில் யாரும் புது வேலையில் போய்ச் சேரமாட்டார்கள் என்று நான்தான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். ஆவணி முதல் தேதி எல்லா முட்களும் எழுந்து நின்றன.

பூபதியின் முள் மட்டும் ஆடியிலும் மூன்று, ஆவணியிலும் மூன்று.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால் எடுப்பதுதான் பூபதியின் வேலை. மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும் வரை மாட்டிக்கொண்டவரிடம் பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள் ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். நாற்பது நிமிடம் பேசினார். கதவு திறந்தபோது இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டே வெளியே வந்ததாக மெக்கானிக் ஜாஃபர் சொன்னார். பன்னிரண்டு வருடமாக இதைச் செய்கிறார் பூபதி, இன்னமும் போன் அடித்தால் முகம் மலர்ந்துவிடும்.

அவருக்கு ஒரே ஒரு விண்ணப்பம் இருந்தது. மனைவி ஓசூர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். நாலு வயதில் ஒரு மகள். எங்களுக்கு ஓசூரில் ஒரு கிளை இருக்கிறது, அங்கே மாற்றல் வேண்டும் என்று மூன்று வருடத்தில் ஆறு முறை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறையும் வாங்கிக் கோப்பில் வைத்தவள் நான். சனிக்கிழமை பஸ் ஏறுவார், திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்திலிருந்து நேராகப் படியேறி வருவார். ஏழாவது முறை அவர் எழுதிக் கொடுத்தபோது சம்பத் சார் திரையைப் பார்த்தார், மூன்று என்று இருந்தது. இவர் எங்கே போய்விடப் போகிறார் என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

சம்பத் சார் கெட்டவர் இல்லை. தலைமை அலுவலகம் என்றால் பயம், அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்குக் கோபம் வந்தது. திரையில் தெரிவதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்று மாலையே பூபதியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அப்ப, இதே கம்பெனியில ஓசூருக்கு மாறிக்கறதுக்கு, நான் கம்பெனியவே உட்டுப் போக ஆசைப்படோணுமுங்களா மேடம்?”

“ஆமா.”

“நெசமாவா?”

“நெசமா ஆசைப்பட்டாத்தான் முள்ளு ஏறும்.”

“செரிங்க, முயற்சி பண்றனுங்க,” என்றார், ஏதோ புது லிஃப்ட் மாடல் ஒன்றைப் பழகச் சொன்னதுபோல.

ஜாஃபரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டோம். முதலில், கம்பெனி பூபதிக்குச் செய்த அநியாயங்களை எல்லாம் நான் பட்டியல் போட்டு டீக்கடையில் வைத்து வாசித்தேன். சிறந்த ஊழியர் விருது அவருக்கு வரவேண்டியது வேறொருவருக்குப் போன கதையைச் சொன்னபோது, அவருக்கும் வேண்டுமல்லவா, பாவம் என்றார். திரும்பி வந்து பார்த்தால் முள் இரண்டுக்கு இறங்கியிருந்தது.

அடுத்து, மெத்தை விற்கும் கம்பெனி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்கு அனுப்பினோம். இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்க, வெகுநேரம் யோசித்துவிட்டு, காரணம் எதுவும் தோன்றவில்லை என்று சொல்லியிருக்கிறார். இறங்கி வரும்போது அவர்கள் லிஃப்டின் கதவு ஒருமாதிரி முனகுகிறது என்று வாட்ச்மேனிடம் சொல்லி, ஜாஃபரின் எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தார். பத்தே நாளில் அந்தக் கட்டடத்தின் இரண்டு லிஃப்டும் எங்கள் பராமரிப்புக்கு வந்துவிட்டன. சம்பத் சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். முள், மூன்று.

பிரிவுபசார விழா ஜாஃபரின் யோசனை. எங்கள் அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை பேசுவது என்பது அவர் வேலையை விட்டுப் போகும் அன்று மட்டும்தான். இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார்கள். கடைசி நாளில் கேசரி, மிக்சர், பொன்னாடை, போட்டோ, ஆளுக்கு ஐந்து நிமிடப் பேச்சு. போகிறவர் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் அன்றைக்கு அழுதுவிடுவார். பூபதிக்கு அப்படி ஒரு விழாவைப் பொய்யாக நடத்திவிட்டால், போகிறோம் என்று அவர் மனது நம்பிவிடும், முள் ஏறிவிடும் என்றார் ஜாஃபர்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இத்தனை வருடமாக எல்லோருக்கும் விழா ஏற்பாடு செய்தவர் பூபதிதான். பொன்னாடை எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று வேறு யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரிடமே கேட்டோம். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லி, தன் பொன்னாடையைத் தானே போய் வாங்கிவந்தார் மனுஷன்.

சம்பத் சார் ஒரு கூட்டத்துக்காகத் திருப்பூர் போயிருந்த புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு விழா. பூபதியை நடுவில் உட்காரவைத்தோம். எல்லோருக்கும் விளையாட்டு என்று தெரியும், அதனால் ஒரே சிரிப்பு. நான் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று பேர் கேலியாகப் பேசினார்கள். முள் அசையவில்லை.

ஜாஃபர் எழுந்தார். அவரும் கேலியாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் குரல் மாறிவிட்டது.

“நான் போன வருசமே வேலைய உடறதுக்குப் பேப்பர் எழுதிப் பையில வச்சிருந்தனுங்ணா. எங்க அத்தா ஆஸ்பத்திரில கெடந்தப்ப, எனக்கு வந்த ரிப்பேர் வேலை எல்லாத்தையும் நீங்க உக்காந்து மத்தவங்களுக்குப் பிரிச்சு உட்டீங்க. மூணு ஞாயித்துக்கெழம ஊருக்குப் போகல நீங்க. எங்கிட்டச் சொல்லவும் இல்ல. அந்தப் பேப்பர அப்பறம் கிழிச்சுப் போட்டுட்டேன்.” பொன்னாடையைப் பிரித்துப் போர்த்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு யாரும் கேலி பேசவில்லை. ஒவ்வொருவரிடமும் பூபதியைப் பற்றி ஒன்று இருந்தது, இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. ஏற்புரைக்கு எழுந்த பூபதி, இதெல்லாம் தனக்குப் பேசத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். எழுபத்தொன்று. சந்தோஷத்தில் கேசரித் தட்டைத் தவறவிட்டுவிட்டேன்.

பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த அந்த நேரமெல்லாம் தான் நிஜமாகவே ஓசூரில் இருந்ததாகப் பூபதி பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் எல்லாம் மளமளவென்று நடந்தது. சம்பத் சார் திரையைப் பார்த்துப் பதறி, பூபதியைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். ஓசூர் என்றார் பூபதி. மத்தியானத்துக்குள் மாற்றல் உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. பூபதி மனைவிக்குப் போன் செய்து சொன்னார். மகளும் போனை வாங்கிக் கத்தியது என் மேசை வரை கேட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்கு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. விழாவில் பூபதியின் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான் மற்றவர்களுடையதைப் பார்க்கவே இல்லை. பேசியவர்கள், கேட்டவர்கள், அத்தனை பேரின் முட்களும் அறுபதைத் தாண்டி நின்றிருந்தன. காலையில் வீட்டுச் சண்டையை நினைத்து வரவழைத்துக்கொள்ளும் அறுபது இல்லை இது. இயந்திரம் காரணத்தையும் ஆராய்ந்து ஒரே வரியில் சொல்லியிருந்தது: பூபதி போனால் பதினான்கு பேரும் போவார்கள்.

யார் போவார்கள் என்று அளந்துகொண்டிருந்தோமே தவிர, யாரால் மற்றவர்கள் இருக்கிறார்கள் என்று அதுவரை நாங்கள் அளந்ததே இல்லை. அளந்ததும் என்ன செய்தோம் தெரியுமா? மாற்றல் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

பதிலுக்கு அவருக்குக் கண்ணாடி அறை ஒன்றும் சுழலும் நாற்காலியும் கொடுத்தார்கள். கதவில் ‘மூத்த ஒருங்கிணைப்பாளர்’ என்று பலகை மாட்டினார்கள். அவர் மறுபடியும் மனைவிக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. அதற்காகப் படிக்கட்டுப் பக்கம் போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து அடுத்த அழைப்பை எடுத்தார். நான் விளையாட்டாகச் செய்த வேலைக்கு அந்த மனிதர் கட்டுண்டு கிடப்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் அவர் முள் மூன்றுக்கு வந்துவிட்டது. அவர் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்ததும் மற்றவர்களுடையதும் இறங்கிவிட்டது. சம்பத் சார் எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, ஊரிலிருந்து வந்த பையைக்கூட இறக்கிவைக்காமல், பூபதி மேலாளர் அறைக்குள் வந்து ஒரு தாளை நீட்டினார். நானும் அங்கேதான் இருந்தேன். ராஜினாமாக் கடிதம்.

சம்பத் சார் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். “ராகு காலத்துல யாராச்சும் பேப்பர் போடுவாங்களா பூபதி?”

“பஸ்ஸ உட்டு எறங்கி நேரா வந்தனுங்க சார். நேரம் பாக்கலீங்க.”

சார் சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று. “பாருங்க. உங்களுக்குப் போறதுக்கு ஆசையே இல்லை.”

“ஆமாங்க சார். ஆசையில்லீங்க.”

“அப்பறம்?”

“போறனுங்க.”

சார் என்னைப் பார்த்தார். பூபதி பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“சனிக்கெழம வீட்டுக்குப் போனா, பாப்பா தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, எப்பப் போவீங்கன்னு கேக்குதுங்க சார். எப்ப வருவீங்கன்னு கேட்டாக்கூடப் பரவாயில்லீங்க. விருந்துக்கு வந்தவங்ககிட்டக் கேக்கற மாதிரிக் கேக்குது. எனக்கு இந்த வேலை ரொம்பப் புடிக்குமுங்க. நாளைக்கும் புடிக்கும். அதுக்காவ இங்கயே இருந்துக்க முடியாதுங்க.”

வெளியே அவர் மேசையில் போன் அடித்தது. ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு எடுக்க ஓடினார். ஏதோ ஒரு குடியிருப்பில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பயப்பட வேண்டாம், காத்து வரும், பேரன் பேர் என்ன என்று இவர் விசாரிப்பது கண்ணாடி வழியாக எங்களுக்குக் கேட்டது.

சம்பத் சாருக்குக் குழப்பம். சுற்றறிக்கையில் இதற்கும் விதி இருந்தது. முள் இருபதுக்குக் கீழே இருக்கும்போது தரப்படும் ராஜினாமாவை ஏற்கக் கூடாது. அது ஒரு வேகத்தில் எழுதியது, ஒரு வாரம் விடுப்புக் கொடுத்து அனுப்பினால் திரும்பி வந்துவிடுவார். ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இல்லாவிட்டால் விடுவிப்புக் கடிதம் கிடையாது. அது இல்லாமல் ஓசூரில் பூபதிக்கு வேறு வேலை கிடைக்காது. சார் விடுப்புப் படிவத்தைக் கையில் எடுத்துவிட்டார். பிறகு நிறுத்தினார்.

“ஏம்மா அம்மணி, மனசு வராமயே ஒருத்தர் போக முடியுமா? இந்த மெஷின் கெட்டுப்போச்சோ என்னவோ.”

பழுதைச் சோதிக்க வேறொரு அட்டையைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். மேலாளர்களுக்கும் அட்டை வந்திருந்தது. சார் அதை உறைகூடப் பிரிக்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்திருந்தார். எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஏதாவது பேசுங்கள், அதற்குக் குரல் வேண்டும் என்றேன்.

“என் பேர் சம்பத்,” என்றார். “இந்தக் கம்பெனியில இருபத்தாறு வருசமா இருக்கேன். காலையில எட்டு மணிக்கு வருவேன். ராத்திரி எட்டு மணிக்கு...” அங்கே நின்றுவிட்டார்.

முள் ஏறிக்கொண்டே இருந்தது. நான் திரையைத் திருப்பிவிடலாமா என்று பார்த்தேன், அதற்குள் அவர் பார்த்துவிட்டார். தொண்ணூற்று நான்கு. எங்கள் கிளையில் அவ்வளவு உயரத்தை யாரும் தொட்டதில்லை.

சார் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பூபதி அந்தப் பெரியவரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

“என் சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது, அம்மணி,” என்றார் மெதுவாக.

அவர் அட்டையைக் கழற்றி மறுபடியும் மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். விடுப்புப் படிவத்தைத் தள்ளிவைத்தார். பூபதியின் கடிதத்தை எடுத்து, ‘இன்றே விடுவிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“மெஷின் சரியாத்தான் இருக்கு,” என்றார். “இப்ப எடுத்தியே, அந்த அளவை மட்டும் அழிச்சுரு.”

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பெரியவர் இறங்கி வீட்டுக்குப் போகும் வரை காத்திருந்து கடிதத்தைப் பூபதியிடம் கொடுத்தேன். கையெழுத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் இரண்டு மணிக்குத்தான், அதுவரை போனைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சம்பத் சார் பெயருக்கு எதிரே தொண்ணூற்று நான்கு அப்படியே நின்றது. சோதனைக்கு எடுத்த அளவு தானாகத் தலைமை அலுவலகத்துக்குப் போகாது. அழிப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது, அங்கே அனுப்புவதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. அனுப்பிவிட்டால் ஏழு நாளைக்குள் அவரை உட்காரவைத்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாக வேண்டும். இருபத்தாறு வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அனுப்பிவிட்டேன்.